மக்கள்தொகையும் சோறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், அவர்களோடு வந்து பின்வரிசையில் உட்காரும் பெற்றோர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பாடப்புத்தகம் இந்தக் கோட்பாடுகளைச் சில பத்திகளில் முடித்துவிடுகிறது. ஆனால் இவை நம் பக்கத்து மனிதர்கள் பிழைத்ததையும் செத்ததையும் தீர்மானித்த கருத்துகள். அதனால் சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

மால்தஸ் உண்மையில் என்ன சொன்னார்?

தாமஸ் ராபர்ட் மால்தஸ் இங்கிலாந்துப் பாதிரியார். 1798-இல், தன் பெயரைப் போடாமலே, மக்கள்தொகை பற்றி ஒரு நூலை வெளியிட்டார். தடுக்க எதுவும் இல்லாவிட்டால் மக்கள்தொகை 1, 2, 4, 8, 16 என்று பெருக்கல் விகிதத்தில் வளரும். உணவோ 1, 2, 3, 4, 5 என்று கூட்டல் விகிதத்தில்தான் கூடும் என்றார். வட அமெரிக்கக் குடியேற்றங்களில் மக்கள்தொகை 25 ஆண்டுகளில் இரட்டிப்பானதைப் பார்த்து அந்த வேகத்தை எடுத்துக்கொண்டார். அந்தக் கணக்குப்படி 200 ஆண்டுகளில் மக்கள் 256 மடங்கு, உணவு 9 மடங்கு.

தேர்வுக்கு இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவருடைய வாதத்தின் உயிர் இந்த எண்களில் இல்லை. கூலி கொஞ்சம் உயர்ந்தால் ஏழைகள் சீக்கிரம் கல்யாணம் செய்துகொள்வார்கள், பிள்ளைகள் கூடும், வேலைக்கு ஆள் மிகும், கூலி மறுபடியும் பழைய இடத்துக்கே இறங்கும். அவர் கண்ட சுழல் இதுதான். இதை நிறுத்துபவை இரண்டு வகைத் தடைகள். பஞ்சம், நோய், போர் ஆகியவை சாவைக் கூட்டும். தாமதத் திருமணம் பிறப்பைக் குறைக்கும். 1803-இல் வந்த விரிவான இரண்டாம் பதிப்பில்தான் இந்தச் சுயகட்டுப்பாட்டுக்கு அழுத்தம் கொடுத்தார்.

ஏழைகளுக்கு அரசு உதவி செய்தால் இந்தச் சுழல் இன்னும் வேகமாகும் என்று அவர் உறுதியாக நம்பினார். இங்கிலாந்தில் அப்போதிருந்த ஏழைகள் நிவாரணச் சட்டத்தை எதிர்த்தார். எனக்கு அவரிடம் உள்ள பெரிய சண்டை இந்த முடிவோடுதான். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

எங்கோ இங்கிலாந்தில் எழுதியதற்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. மால்தஸ் 1805-லிருந்து தன் சாவு வரை (1834) ஹெய்லிபரி என்ற இடத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் வரலாறும் அரசியல் பொருளாதாரமும் கற்பித்தார். இந்தியாவை ஆள வந்த இளம் அதிகாரிகள் படித்தது அங்கேதான். அங்கே படித்தவர்களில் சார்லஸ் டிரெவெல்யனும் ஒருவர். 1845-இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தில் லண்டன் கருவூலத்திலிருந்து நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர். சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதே டிரெவெல்யன் 1859-இல் சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்தார்.

பெரிய அடி 1876–78 பஞ்சத்தில் விழுந்தது. இரண்டு பருவமழை பொய்த்தது. மாகாணம் முழுக்க விலை ஏறியது. நிவாரண வேலையைப் பார்வையிட ரிச்சர்ட் டெம்பிள் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அனுப்பப்பட்டார். அதற்கு மூன்று வருடம் முன்னால் பீகார் பஞ்சத்தில் இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி தருவித்து, மிகக் குறைந்த சாவோடு நிலைமையைச் சமாளித்தார். அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல, 'வீண் செலவு' என்ற பழி. அந்தப் பழியைக் கழுவும் வெறியோடு சென்னைக்கு வந்தவர், வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். கல் உடைக்கிற, மண் சுமக்கிற ஆளுக்கு அது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்தில் சண்டை போட்டார். அவர் பெயரை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. வைசிராய் லிட்டன், இந்திய மக்கள்தொகை மண் தரும் உணவைவிட வேகமாகப் பெருகும் இயல்புடையது என்று சட்டசபையில் பேசினார். மால்தஸின் வாதம் கொள்கையாக மாறிய இடம் அது. தென்னிந்தியாவில் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் 55 லட்சம் என்பது அடிக்கடி சொல்லப்படும் எண்.

மரக்காணம் பக்கம் போகிறவர்கள் பக்கிங்ஹாம் கால்வாயின் தென்முனையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கால்வாயின் சென்னைப் பகுதி இந்தப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய கவர்னரின் பெயரைத்தான் அது இன்றும் சுமக்கிறது.

புதுச்சேரிக் கதை கொஞ்சம் வேறு. பிரான்ஸ் 1848-இல் அடிமை முறையை ஒழித்ததும் அதன் தீவுகளில் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பலேறினார்கள். ஊரில் சோறு கிடைத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் அந்தக் கப்பலில் ஏறியிருப்பார்கள்?

இன்னொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867-இல். பசியோடு வருகிறவருக்கு, அவர் யார், உழைப்பவரா இல்லையா என்று கேட்காமல் சோறு போடுவது அங்கே விதி. அந்த அடுப்பு இன்றுவரை எரிகிறது. கூலிக்கு அளந்து போட்ட டெம்பிளின் தானியமும் வடலூர்ச் சோறும் பத்தாண்டு இடைவெளியில் ஒரே மாகாணத்தில் நடந்தவை. பொருளாதாரக் கோட்பாடு என்று வள்ளலார் எதையும் எழுதவில்லை. ஆனால் ஏழைக்குச் சோறு போட்டால் ஏழைகள் பெருகிவிடுவார்கள் என்ற எண்ணத்துக்கு நம் மாவட்டம் கொடுத்த பதில் அது என்றே நான் கருதுகிறேன்.

பஞ்சம் என்றாலே உணவு இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. இதைப் புரியவைத்தவர் அமர்த்தியா சென். 1943 வங்கப் பஞ்சத்தின்போது அவருக்கு 9 வயது. பின்னாளில் புள்ளிவிவரங்களை எடுத்துப் பார்த்தார். அந்த ஆண்டு வங்கத்தில் கிடைத்த அரிசி, அதற்கு முந்தைய ஐந்தாண்டு சராசரியைவிடச் சுமார் 5 சதவீதம்தான் குறைவு. பஞ்சமே வராத 1941-ஐவிட அது அதிகம்கூட. இருந்தும் சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள்.

யார் இறந்தார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். நிலமில்லாத கூலிகள், மீனவர்கள், வண்டி இழுப்பவர்கள், கிராமத்துக் கைவினைஞர்கள். போர்க்காலச் செலவால் பணம் பெருகி, பதுக்கலும் சேர்ந்து, அரிசி விலை பல மடங்கு ஏறியது. இவர்கள் விற்கக்கூடிய உழைப்புக்கோ மீனுக்கோ அந்த அளவு விலை ஏறவில்லை. கல்கத்தா நகரத்து ஊழியர்களுக்கு மலிவு விலையில் அரிசி கிடைத்தது, அவர்கள் தப்பித்தார்கள். ஆக, சந்தையில் அரிசி இருக்கும். அதை எடுத்துக்கொள்ளும் உரிமையோ வசதியோ ஒரு பகுதி மக்களிடம் இருக்காது. சென் 1981-இல் வெளியிட்ட நூலின் சாரம் இது. 1998-இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ளத் தேவனாம்பட்டினத்துக்கோ கடலூர் முதுநகருக்கோ போனால் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் கடலூர்ச் சந்தையில் அரிசி ஒரு மூட்டைகூடக் குறைவதில்லை. குறைவது படகில் போகிறவரின் வருமானம். அதனால்தான் தமிழ்நாடும் புதுச்சேரியும் தடைக்கால நிவாரணம் கொடுக்கின்றன. அது தாமதமாகிற ஆண்டில் குடும்பம் கடன்காரனிடம் போகிறது.

சென்னுக்கு முன்பே இதைப் பாதி தொட்டவர்கள் 1880 பஞ்ச ஆணையத்தார். பஞ்சத்தில் மக்கள் சாவதற்கு வேலையும் கூலியும் போனதுதான் முக்கியக் காரணம் என்று அந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. பஞ்சம் வந்தால் அரசு என்ன செய்ய வேண்டும் என்று வகுத்த பஞ்ச விதித்தொகுப்புகள் அதிலிருந்து பிறந்தன. 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் வேரையும் அதுவரை பின்னோக்கித் தேடலாம்.

ரிக்கார்டோ ஏன் இந்தப் பாடத்தில் வருகிறார்?

மால்தஸ் காலத்து இங்கிலாந்துப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ இங்கே வருவது 'குறைந்து செல் விளைவு விதி'க்காக. மக்கள் பெருகினால் முதலில் நல்ல நிலத்தில் பயிர் வைப்பார்கள், அப்புறம் சுமாரான நிலம், கடைசியில் மேட்டு நிலம். கடைசி நிலத்தில் ஒரு மூட்டை நெல்லுக்கு ஆகும் செலவுதான் சந்தை விலையை நிர்ணயிக்கும். அப்போது ஆற்றுப் பாசனத்தில் நல்ல வண்டல் நிலம் வைத்திருப்பவருக்கு, எந்தக் கூடுதல் உழைப்பும் இல்லாமல், அந்த வித்தியாசம் முழுக்க வாரமாக (நிலத்துக்கான வாடகையாக) வந்து சேரும். மக்கள்தொகை பெருகினால் லாபம் யாருக்கு என்ற கேள்வியை ரிக்கார்டோ 1817-இல் இப்படித் தெளிவாக வைத்தார்.

அவரும் மால்தஸும் நெருங்கிய நண்பர்கள், பெரும்பாலான விஷயங்களில் எதிரெதிர்க் கட்சி. வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட சட்டத்தை மால்தஸ் ஆதரித்தார், ரிக்கார்டோ எதிர்த்தார். விளைவிப்பவனுக்கு நல்ல விலை, வாங்குபவனுக்கு மலிவு அரிசி, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று சிப்பம் திரும்பும்போது நம் விவசாயி கேட்பதும் இதே கேள்வியின் ஒரு முனைதான்.

மார்க்ஸ் மால்தஸை ஏன் அவ்வளவு கடுமையாகத் திட்டினார்?

வறுமையை ஏழையின் பிள்ளைப்பேற்றின் தலையில் கட்டியதற்காக. எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் மக்கள்தொகை விதி என்று ஒன்று கிடையாது என்றார் மார்க்ஸ். முதலாளித்துவம் கூலியைக் குறைவாக வைத்திருக்க வேலையில்லாத ஒரு கூட்டத்தை எப்போதும் உண்டாக்கி வைத்துக்கொள்கிறது; 'மிகை மக்கள்' என்று தெரிவது அதுதான் என்பது அவர் விளக்கம். இதில் பெரிய உண்மை இருக்கிறது. ஆனால் சோஷலிச நாட்டில் பஞ்சம் வராது என்று இதிலிருந்து முடிவு கட்டியவர்களுக்கு 1959–61 சீனப் பஞ்சம் பதில் சொல்லிவிட்டது.

போஸரப் கோட்பாடு மால்தஸுக்கு நேர் எதிரா?

ஏறக்குறைய ஆமாம். எஸ்டர் போஸரப் டென்மார்க் நாட்டுப் பொருளியலாளர். 1950-களின் கடைசியில் சில ஆண்டுகள் இந்தியாவில் தங்கி வேலை செய்தார். இங்கே கண்டது அவர் சிந்தனையை மாற்றியது. 1965-இல் வெளியிட்ட நூலில் மால்தஸின் வரிசையைத் திருப்பிப் போட்டார். உணவு கிடைப்பதைப் பொறுத்து மக்கள்தொகை அமைவதில்லை. மக்கள்தொகை நெருக்கும்போதுதான் விவசாயம் மாறுகிறது. ஆள் குறைவாக இருந்தால் காட்டை எரித்து விதைத்துவிட்டுப் பல வருடம் நிலத்தைச் சும்மா போடுவார்கள். ஆள் கூடக் கூட, தரிசுக் காலம் குறையும். எரு, ஏர், ஏரி, வாய்க்கால், இருபோகம் எல்லாம் வரும்.

காட்டுமன்னார்கோவில் பக்கம் இதைக் கண்ணால் பார்க்கலாம். வீராணம் 10-ஆம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய ஏரி. 19-ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை வந்தது. வடவாறு வழியாக வீராணத்துக்குக் காவிரித் தண்ணீர் வருகிறது. சுமார் 45 ஆயிரம் ஏக்கர் அதன் பாசனத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மனித உழைப்பு கூடியது, மண்ணிலிருந்து எடுத்த நெல்லும் கூடியது. ஒற்றை நாற்று நடவுகூட அந்த வரிசையில் வருவதுதான்: விதை குறைவு, தண்ணீர் குறைவு, களையெடுப்பும் கவனமும் அதிகம்.

போஸரப்பிடம் ஒரு விஷயத்தை மாணவர்கள் கவனிப்பதில்லை. நெருக்கடி வந்தால் தானாக வழி பிறந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. தீவிர விவசாயத்தில் ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைக்கும் விளைச்சல் குறையக்கூடும் என்கிறார். அதாவது சோறு கிடைக்கும், ஆனால் முதுகு ஒடியும். அந்த முதுகு பெரும்பாலும் பெண்ணுடையது. நடவுக்கும் களைக்கும் குனிகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். போஸரப் தன் அடுத்த பெரிய ஆய்வைப் பெண்களின் உழைப்பைப் பற்றியே செய்தார்.

பசுமைப் புரட்சிக்குப் பிறகு மால்தஸ் தோற்றுவிட்டார் என்று சொல்லலாமா?

எண்கள் அப்படித்தான் சொல்கின்றன. 1950–51-இல் இந்தியாவின் உணவு தானிய உற்பத்தி சுமார் 5.1 கோடி டன். 1951 மக்கள்தொகை 36 கோடி. தலைக்குச் சுமார் 140 கிலோ. 2022–23-இல் உற்பத்தி 33 கோடி டன்னை நெருங்கியது. மக்கள் 140 கோடிக்கு மேல். தலைக்குச் சுமார் 230 கிலோ. மக்கள் நான்கு மடங்கு, தானியம் ஆறு மடங்குக்கும் மேல்.

எப்படி நடந்தது? பலரும் விதையை மட்டும் சொல்கிறார்கள். விதை முக்கியம்தான். பிலிப்பைன்ஸில் 1966-இல் வெளியான ஐ.ஆர்.8, ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி.27 ஆகிய நெல் ரகங்கள் பழைய ரகங்களைவிடப் பல மடங்கு உரத்தைத் தாங்கி விளைந்தன. ஆனால் அதற்கும் அடியில் இருப்பது காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் ஹேபர்–போஷ் முறை. 1913-இல் ஜெர்மனியில் அதன் முதல் ஆலை தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சோறு அந்த உரத்தை நம்பி இருக்கிறது. மால்தஸ் கற்பனைகூடச் செய்திருக்க முடியாத ஒன்று இது.

அந்த 60-களில் நிலைமை எப்படி இருந்தது என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நாடு எதிர்பார்த்திருந்தது. தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு 1967 தேர்தலின் முக்கியப் பிரச்சினையானது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற அண்ணாவின் வாக்குறுதியை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சமயத்தில் மத்திய உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியமும் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனும் புதிய விதையைக் கொண்டுவர எடுத்த முடிவு துணிச்சலானது. கோதுமையில் இதைச் செய்த நார்மன் போர்லாக், 1970-இல் நோபல் பரிசு வாங்கியபோதே, இது மூச்சுவிடக் கிடைத்த அவகாசம்தான் என்று எச்சரித்தார்.

தலைக்கு 230 கிலோ இருந்தும் ஏன் இன்னும் சத்துக்குறைவு?

கிடங்கில் இருப்பதும் வயிற்றில் போவதும் ஒன்றல்ல என்பதால். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 25 சதவீதம். அரிசி வயிற்றை நிரப்பும். பருப்பு, முட்டை, கீரை, பால், நல்ல தண்ணீர், தாயின் உடல்நலம் எல்லாம் சேர்ந்தால்தான் பிள்ளை வளரும். 'எத்தனை டன்' என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டால் இவை எதுவும் கண்ணில் படாது.

எர்லிக்–சைமன் பந்தயம் என்றால் என்ன?

அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக் 1968-இல் மக்கள்தொகையை ஒரு வெடிகுண்டாகச் சித்திரித்து நூல் எழுதினார். 70-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்றார். ஜூலியன் சைமன் என்ற பொருளியலாளர், மனித அறிவுதான் எல்லாவற்றுக்கும் மேலான வளம், ஆள் கூடினால் யோசனையும் கூடும் என்றார். 1980-இல் இருவரும் குரோமியம், செம்பு, நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்களின் விலைமீது பத்தாண்டுப் பந்தயம் கட்டினார்கள்: ஏறும் என்றார் எர்லிக், இறங்கும் என்றார் சைமன். 1990-இல் விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால் விலை இறங்கியிருந்தது. எர்லிக் 576 டாலர் 7 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பினார்.

இதைச் சைமனுக்கு முழு வெற்றி என்று எழுதாதீர்கள். வேறு பல பத்தாண்டுகளை எடுத்திருந்தால் எர்லிக் ஜெயித்திருப்பார் என்று பின்னால் கணக்குப் போட்டவர்கள் காட்டினார்கள். உலோக விலை வேறு, நிலத்தடி நீர் வேறு. சந்தையில் விலை இல்லாத வளம் தீரும்போது எந்த எச்சரிக்கையும் வராது.

உத்தம அளவு மக்கள்தொகை?

தலா வருமானம் உச்சத்தில் இருக்கும் மக்கள்தொகை அளவு. எட்வின் கேனன், டால்டன், ராபின்ஸ் பெயர்களைத் தேர்வில் எழுதலாம். தொழில்நுட்பமும் வாணிபமும் மாறும்போதெல்லாம் அந்த அளவும் மாறிவிடும் என்பதால் நடைமுறையில் இதைக் கணக்கிட முடியாது. எனக்கு இதில் அதிகப் பயன் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்தது கட்டாயத்தாலா?

கட்டாயம் நாடெங்கும் நடந்தது. நெருக்கடி நிலையின்போது 1976–77-இல் மட்டும் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் செய்யப்பட்டன. அது ஏழைகளின் உடல்மீது நடந்த வன்முறை. மால்தஸின் பெயரை எந்த வடிவில் சொன்னாலும் அதை நியாயப்படுத்த முடியாது. அதற்குப் பின்பு பல வட மாநிலங்களில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே மக்கள் பயந்தார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் என்ற எண் 2000-ஐ ஒட்டியே 2.1-க்கு, அதாவது பெற்றோரின் இடத்தைப் பிள்ளைகள் ஈடுசெய்யும் அளவுக்கு இறங்கிவிட்டது. 2019–21-இல் 1.8. புதுச்சேரியும் 2.1-க்குக் கீழேதான். மக்கள்தொகை மாறுநிலைக் கோட்பாடு சொல்வது இது: முதலில் சாவு குறையும், கொஞ்சம் பொறுத்துப் பிறப்பு குறையும், நடுவில்தான் பெருக்கம். வாரன் தாம்சன் 1929-இல் தொடங்கியதை ஃப்ராங்க் நோட்ஸ்டைன் 1945-இல் முழுமையாக்கினார். பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தால் பெற்றோர் குறைவாகப் பெறுவார்கள், பெற்றதைப் படிக்கவைப்பார்கள்.

இதில் மால்தஸின் சுழல் நேரே உடைகிறது. வசதி கூடினால் பிள்ளை கூடும் என்றார் அவர், நடந்தது தலைகீழ். காமராசர் 1956-இல் கொண்டுவந்த மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவும் பெண் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தின. ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் வந்தது. பேருந்து கிராமத்துக்குள் வந்தது. கல்யாண வயது தள்ளிப்போனது. ஏழைக்குச் சோறு போட்ட அரசில்தான் பிறப்பு குறைந்தது என்பதை நான் வகுப்பில் இரண்டு முறை சொல்வேன்.

பெரியாரையும் இங்கே படிக்க வேண்டும். 1930 வாக்கிலேயே அவர் கர்ப்பத்தடையைப் பேசினார். நாட்டின் வறுமை குறைய, தாயின் உடல்நலம் காக்க என்று மற்றவர்கள் காரணம் சொன்னபோது, பெண் விடுதலைக்காக என்று அவர் சொன்னார். எந்தக் காரணத்துக்காகக் குறைக்கிறோம் என்பது எந்த வழியில் குறைக்கிறோம் என்பதையும் தீர்மானிக்கும்.

ரேஷனில் அரிசி நல்லதா, பணம் நல்லதா? புதுச்சேரி அனுபவம் என்ன சொல்கிறது?

2015-இல் சண்டிகர், புதுச்சேரி ஆகிய யூனியன் பிரதேசங்களில் ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கியில் பணம் போடும் முறை தொடங்கியது. புதுச்சேரியில் ரேஷன் கடைகள் வருடக்கணக்கில் மூடிக்கிடந்தன. பணமா அரிசியா என்பது அரசியல் சண்டையாகவும் வழக்காகவும் ஆனது. 2024-இல் கடைகள் மறுபடி திறந்தன.

பணத்துக்குச் சாதகமான வாதம் எளிது: கசிவு குறையும், மக்கள் விரும்பிய அரிசியை வாங்கலாம், கிடங்குச் செலவு இல்லை. சென்னின் கோட்பாட்டை மேலோட்டமாகப் படித்தாலும் பணம் கொடுத்தால் போதுமே என்றுதான் தோன்றும். ஆனால் விலை ஏறினால் பணத்தின் மதிப்பு இறங்கும், 20 கிலோ அரிசி எப்போதும் 20 கிலோதான். பணம் வருகிற நாள் தெரியாது. வங்கிக்குப் போகக் கூலி நாள் ஒன்று போகும். வீட்டில் யார் கையில் பணம் நிற்கும் என்பதும் வேறு கதை. முதியோரும் பெண்களும் அரிசியைக் கேட்டது இந்தக் காரணங்களால்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் கடலூரில் 2011 முதல் அரிசி இலவசம், கடை திறந்திருந்தது. நான் அரிசியின் பக்கம். கடை வாசலில் சரக்கு நிறுத்தப்பட்டால் பத்துப் பேர் கூடிக் கேட்பார்கள். வங்கிக் கணக்கில் பணம் வராவிட்டால் தனியாக நின்று யாரிடம் கேட்பது?

சரி, அப்படியென்றால் எல்லை என்றே ஒன்று கிடையாதா?

இருக்கிறது. நம் பகுதியில் அது தண்ணீர். மால்தஸை முழுக்கத் தூக்கி எறியாமல் இருக்க எனக்கிருக்கும் ஒரே காரணமும் இதுதான்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. சுரங்கத்துக்குள் அது பொங்கிவிடாமல் இருக்க இரவு பகலாக இறைத்து வெளியேற்றுகிறார்கள். ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் தானாகப் பொங்கிய ஊற்றுகள் இருந்த பகுதியில் இன்று விவசாயிகள் மேலும் மேலும் ஆழத்துக்குப் போர் போடுகிறார்கள். கரையோரத்தில், புதுச்சேரி முதல் கடலூர் வரை, அதிகம் இறைத்த இடங்களில் உப்புநீர் நிலத்தடியில் உள்ளே வருகிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூரிலும் ஏரிப் பாசனத்தின் இடத்தைப் போர்வெல் பிடித்தது. வீராணம் தண்ணீர் 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது. கடைமடை விவசாயிக்கும் சென்னையில் குடம் வைத்திருப்பவருக்கும் இடையில் யாரைக் குறை சொல்வது? இரண்டு பேருக்கும் தண்ணீர் வேண்டும்.

இந்த எல்லையை மக்கள் எண்ணிக்கை மட்டும் கொண்டுவரவில்லை. இலவச மின்சாரம், சுரங்கம், தூர்வாராத ஏரி, நகரத்தின் தாகம் எல்லாம் சேர்ந்தது. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்களைச் சேர்த்துக்கொண்டது நல்ல விஷயம். மற்ற ஒன்றியங்களின் நெல் வயலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பது என் வருத்தம்.

இனி மக்கள்தொகை குறையப் போகிறது என்றால் சோற்றுக் கவலை தீர்ந்ததா?

கவலை இடம் மாறுகிறது. நடவுக்கு ஆள் இல்லை. டெல்டாவில் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நாற்று நடுகிறார்கள். அறுவடைக்கு மிஷின் வந்துவிட்டது. சேறு அதிகமென்றால் சங்கிலி வண்டி. வயலில் நிற்பவர்களின் வயதைப் பாருங்கள், பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

இங்கே போஸரப்பைத் திருப்பிப் படிக்கலாம். ஆள் கூடினால் விவசாயம் தீவிரமாகும் என்றால், ஆள் குறைந்தால்? கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்தில் அதற்கு விடை தோட்டம் தோட்டமாக நிற்கிறது: சவுக்கு. நட்டுவிட்டுச் சில வருடம் பொறுத்தால் வெட்டுக்கு வியாபாரியே ஆளோடு வருவார். களை, நடவு, கொள்முதல் நிலையத்தில் காத்துக்கிடப்பது எதுவும் இல்லை. கடலையும் கம்பும் வரகும் விளைந்த மேட்டு நிலம் பலவும் அப்படிப் போயிருக்கிறது. அந்த விவசாயி செய்வது தவறே அல்ல, அவர் கணக்கு சரியான கணக்கு. அந்தக் கணக்கை மாற்றும்படி கம்புக்கும் வரகுக்கும் கொள்முதலும், சிறு நிலத்துக்குப் பொருந்தும் நடவுக் கருவியும், வயலுக்கு வருகிற பெண்ணுக்குச் சமக் கூலியும் தருவது அரசின் வேலை.